இடியன் துவக்கு – வன்னி

குழல்வாயால் வெடிமருந்தையும் சன்னத்தையும் இட்டு, கோலால் இடித்து இறுக்கிச் சுடப்படும் நாட்டுத் துவக்கை இலங்கைத் தமிழர் இடியன் என்பர். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா முதலிய மாவட்டங்கள் சேர்ந்த வன்னிப் பெருநிலத்தில் வயற்காவலுக்கும் வேட்டைக்கும் இது தலைமுறைகளாகப் பயன்பட்டு வந்தது. தமிழ்நாட்டில் இதையொத்ததை நாட்டுத் துப்பாக்கி என்கிறார்கள். அங்கே நரிக்குறவர் கையிலும் மலையூர்களிலும் அது இருந்தது.

இடியனுக்குத் தோட்டா கிடையாது. எவ்வளவு மருந்து, எத்தனை சன்னம், எந்த எடை என்பதைத் தொழிற்சாலை முடிவுசெய்வதில்லை. சுடுபவரே ஒவ்வொரு வெடிக்கும் முடிவுசெய்கிறார். இந்த ஒரு குணத்தால் அது அமெரிக்காவின் செலவு மிகுந்த ஒரு கைவினைக்குத் தூரத்து உறவாகிறது. பெருங்குழல் ரிவோல்வருக்கென்று தனியாகத் தோட்டா வடிவமைத்து, அதற்கேற்பத் தோட்டா அறையைக் கடைந்தெடுக்கும் ‘வைல்ட்கேட்’ கைவினை அது. இரண்டிலும் தொழிற்சாலை அளவு ஒதுக்கித் தள்ளப்படுகிறது. அமெரிக்கப் பட்டறையில் அதற்குப் பதிலாக இன்னோர் அளவு, அங்குலத்தின் ஆயிரத்திலொரு பங்குவரை பார்த்து, வைக்கப்படுகிறது. வன்னியில் அந்த இடம் வெறுமையாகவே இருந்தது. இடியனைப் பற்றி அறிய வேண்டியவற்றில் முக்கியமானது இதுதான்.

அமைப்பும் சுடும் முறையும்

மரக்கட்டையில் பொருத்திய நீண்ட இரும்புக்குழல், அதன் அடிப்புறத்தில், அடிபட்டால் தீப்பற்றும் கேப் குந்தும் சிறிய துளைக்காம்பு, கேப்பை அடிக்கும் குதிரை, விசை ஆகியவையே உறுப்புகள். குழலின் அடிப்புறம் மூடப்பட்டிருக்கும். எனவே எல்லாம் வாய்வழியாகவே உள்ளே போக வேண்டும். முதலில் மருந்து, அதன்மேல் தும்பாலோ துணியாலோ ஓர் அடைப்பு, பிறகு சன்னம், அது உருண்டு வராமல் இன்னோர் அடைப்பு. ஒவ்வொன்றும் போனபின் கோல் இறங்கி இடிக்கும். விசையை இழுத்ததும் குதிரை கேப்பில் விழ, நெருப்பு துளைவழியே மருந்தை எட்டும். பெரிய சத்தத்தோடு வெள்ளைப் புகை எழுந்து, சுட்டவருக்கே கொஞ்ச நேரம் எதிரில் எதுவும் தெரியாது. மறுபடி நிரப்பி முடிக்கும் வரை காயம்பட்ட பன்றி காத்திருப்பதில்லை.

அடி வாங்கினால் தீப்பற்றும் இரசாயனத்தைத் துவக்குக்குப் பயன்படுத்தும் முறைக்கு ஸ்கொட்லாந்துப் பாதிரியார் அலெக்சாந்தர் ஃபோர்சைத் 1807இல் காப்புரிமை பெற்றார். செப்புக் கேப் அதற்குப் பின்னர் வந்தது. அதுவரை இருந்தவை திரித்துவக்கும் சக்கிமுக்கித் துவக்கும். அவற்றோடு ஒப்பிட்டால் மழைக்காலத்தில் கேப் பெரிய வசதி. ஆனாலும் மருந்து நனைந்தால் கேப் இருந்தும் பயனில்லை. வன்னியில் பெரும்போகம் விளைவது மாரி மழையோடு. பயிருக்குக் காவல் மிகவும் வேண்டிய அந்த மாதங்களில்தான் இடியன் அடிக்கடி ஏமாற்றும்.

ஏமாற்றிய துவக்குத்தான் ஆபத்தான துவக்கு. உள்ளே மருந்து இருக்கிறதா இல்லையா என்பது வெளியே தெரியாது. முந்தைய இரவு நிரப்பியதை மறந்து அதன்மேல் இன்னொரு முறை நிரப்பினால், வெடிக்கும் வேளையில் அழுத்தம் குழல் தாங்கும் எல்லையைக் கடக்கும். சன்னம் மருந்தோடு ஒட்டி இறங்காமல் நடுக்குழலில் சிக்கி நின்றாலும் அப்படியே. மருந்து மிகுந்தால் குழல் பிளக்குமிடம் பெரும்பாலும் அடிப்புறம். அதுதான் சுடுபவரின் கன்னத்துக்கும் இடது கைக்கும் அருகிலுள்ள பகுதி. கருமருந்துக்கென்று இருந்த குழலில் புகையற்ற நவீன மருந்து போனால் விளைவு இன்னும் மோசம். ஒரே எடைக்கு அது பல மடங்கு அழுத்தம் தரக்கூடியது. எடுத்த கைக்கு இரண்டும் பொடிதான், வித்தியாசம் தெரியாது.

அளவு

துவக்கின் வாயகலத்தைப் ‘போர்’ என்ற கணக்கில் சொல்வது பழைய ஆங்கிலேய வழக்கம். ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால் அதில் ஒன்று சரியாகப் பொருந்தும் குழல் 12 போர். அது ஏறத்தாழ 18.5 மில்லிமீற்றர். பதினாறு உருண்டைகளானால் 16 போர், 16.8 மில்லிமீற்றர். எண் சிறுக்கச் சிறுக்க வாய் பெருக்கும். விவசாயிகளுக்கு உரிமத்தோடு வழங்கப்படும் சொட்கன் பெரும்பாலும் 12 போர்தான். கடையில் வாங்கும், அறையின் நீளத்துக்கேற்ற 12 போர் தோட்டா எந்த நாட்டில் செய்ததானாலும் அந்தத் துவக்கில் நுழையும். அழுத்தமும் அறிந்த எல்லைக்குள் இருக்கும்.

அந்த நம்பிக்கைக்குப் பின்னால் நீண்ட ஏற்பாடு உண்டு. லண்டனில் துவக்குச் செய்வோர் சங்கத்துக்கு 1637இல் அரச பட்டயம் கிடைத்தது. பேர்மிங்காமில் 1813இல் சோதனைச்சாலை அமைந்தது. விற்பனைக்கு வரும் ஒவ்வொரு குழலிலும் வழக்கத்தைவிட மிகுந்த மருந்து இட்டு வெடித்துப் பார்த்து, தாங்கினால் முத்திரை குத்துவார்கள். தோட்டா, அறை ஆகியவற்றின் அளவுகளைப் பல நாடுகளுக்குப் பொதுவாக்க ஐரோப்பாவில் 1914இல் சி.ஐ.பி. என்ற ஆணைக்குழு தோன்றியது. அமெரிக்காவில் 1926இல் தொழிற்சாலைகளே சேர்ந்து எஸ்.ஏ.ஏ.எம்.ஐ. என்ற நிறுவனத்தை அமைத்தன. இடியனை எந்தச் சோதனைச்சாலையும் பார்த்ததில்லை. கையில் கிடைத்த குழலே அதன் வாயகலத்தைத் தீர்மானித்தது. இரண்டு இடியன்கள் ஒரே அளவில் இருந்தால் அது தற்செயல்.

வன்னியில் துவக்கு வந்த வழி

போர்த்துக்கேயர் 1505இல் இலங்கைக் கரையை அடைந்தபோது அவர்களோடு வெடியாயுதமும் வந்தது. நூறாண்டு கழிவதற்குள் உள்நாட்டுக் கொல்லர்கள் அதைச் செய்யப் பழகிவிட்டார்கள். கண்டி அரசின் பல துவக்குகளில் தீமூட்டும் பொறி குழலின் இடப்புறம் இருக்கும். ஐரோப்பியத் துவக்குகளில் அது வலப்புறம். அருங்காட்சியகத்தில் பார்க்கும்போது இலங்கைத் துவக்கை அடையாளம் காண இது உதவும்.

வன்னிக் குறுநில மன்னர்களின் கடைசிப் போரும் துவக்கோடு நடந்ததே. பண்டாரவன்னியன் 1803 ஆகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தார். அதே ஆண்டு ஒக்டோபர் 31இல் கற்சிலைமடுவில் கப்டன் வொன் டிறிபேர்க்கின் படை அவரைத் தோற்கடித்தது என்று அங்கு நாட்டப்பட்ட நினைவுக்கல் கூறுகிறது. அதன்பின் வன்னி பிரித்தானிய நிர்வாகத்துள் முழுமையாக அடங்கியது. துவக்கு போர்க்கருவி என்ற நிலையிலிருந்து வயலுக்கும் காட்டுக்குமுரிய கருவி என்ற நிலைக்கு இறங்கியது. வவுனியா, முல்லைத்தீவுப் பகுதிகளைப் பற்றி ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னிக் கையேடு குளங்களும் காடும் சிதறிய சிற்றூர்களுமான அந்த நிலத்தை விரிவாகப் பதிந்துள்ளது. அங்கு விதைப்பு என்றாலே காவலும் சேர்ந்துதான்.

பிரித்தானிய அரசு யானையைப் பயிருக்குப் பகை என்று கருதி, கொன்றவருக்குப் பணம் கொடுத்தது. 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் ரெனன்ற், 1848க்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கும் குறைவான காலத்தில் வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500க்கு மேற்பட்ட யானைகள் கொல்லப்பட்டன என்று எழுதுகிறார். அன்றைய வடமாகாணத்தில் வன்னியோடு நுவரகலாவியாவும் சேர்ந்திருந்தது. 1873இல்தான் அது பிரிந்து வடமத்திய மாகாணமாயிற்று. 2011இல் இலங்கை முழுவதும் எண்ணியபோது கண்ட யானைகள் 5,879. ரெனன்றின் எண்ணை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பரிசுப்பணம் செய்த வேலை விளங்கும். யானை–மனித மோதலை அண்மைக் காலத்துச் சிக்கலாக மட்டும் பேசுவோர் இந்தக் கணக்கை மறந்துவிடுகிறார்கள்.

வேண்டியபடி செய்வித்த துவக்குகள்

பணமுள்ள வேட்டைக்காரர் கடையில் இருந்ததை வாங்கித் திருப்தி அடையவில்லை. தம் தோளுக்கும் எதிர்வரும் விலங்குக்கும் ஏற்ற குழலைச் சொல்லிச் செய்வித்தனர். இலங்கை வரலாற்றில் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு சாமுவேல் பேக்கர். பின்னாளில் நைல் நதி மூலத்தைத் தேடிப் போய்ப் புகழ்பெற்ற இவர் 1848இல் நுவரெலியாவில் குடியேறி 1855வரை இருந்தார். இலங்கை வேட்டையைப் பற்றி 1853இல் நூல் வெளியிட்டார். பிரிஸ்டல் நகரின் கிப்ஸ் என்ற துவக்குக்காரரிடம் 1840இல் இவர் செய்வித்த றைஃபிள் 21 இறாத்தல் எடை. அதாவது ஒன்பதரைக் கிலோ. ஒரு வெடிக்குப் பதினாறு டிராம், ஏறத்தாழ 28 கிராம், கருமருந்து இட்டார். ஈயக்குண்டின் எடை மூன்று, நான்கு அவுன்சு. அன்று கடைகளில் கிடைத்த துவக்குகளின் அருகில் இதை வைத்தால் பீரங்கி எனலாம். இவ்வளவு மருந்து தாங்குமா என்று பலர் ஐயுற்றனர். குழலின் கனமே அதற்கு விடை. மருந்தை முதலில் முடிவுசெய்து, அதைத் தாங்கும் இரும்பைப் பிறகு முடிவுசெய்தார் பேக்கர். இடியன் இதன் தலைகீழ். அங்கே கிடைத்த குழல் முதலில், மருந்து அதன்பிறகு.

இந்தியாவில் யானை அம்பாரியில் இருந்தபடி வேட்டையாடியோர் இன்னொரு வகை ஆயுதத்தைக் கைக்கருகில் வைத்திருந்தனர். காயம்பட்ட புலி யானையின் மேல் பாய்ந்தால் நீண்ட றைஃபிளைத் திருப்ப நேரமில்லை. அதற்கென இரட்டைக்குழல் பெருங்கைத்துவக்குகள் செய்யப்பட்டன. தொடக்கத்தில் சில, றைஃபிளின் குழலை அறுத்துக் குறுக்கியவையே. பிறகு பிரித்தானிய இராணுவத்தின் .577 அங்குல ஸ்னைடர் தோட்டாவை ஏற்கும் கைத்துவக்குகளும் வந்தன. இன்றைய பெருங்குழல் வேட்டை ரிவோல்வருக்கு முன்னோர் இவைதாம். தேவையும் ஒன்றே: கைக்கெட்டும் தூரத்தில் வரும் பெருவிலங்கை ஒரே வெடியில் நிறுத்துவது.

சட்டம் பெற்ற தோட்டாக்கள்

புதிய தோட்டா பிறப்பதற்கு வேட்டைக்காரரின் ஆசையைப் போலவே அரசின் தடையும் காரணமாகும். .577 ஸ்னைடர் தோட்டாவின் கழுத்தை ஒடுக்கி .450 குண்டு பொருத்தியதே 1871இல் வந்த மார்ட்டினி-ஹென்றியின் தோட்டா. அந்தத் துவக்குகளும் தோட்டாக்களும் கிளர்ச்சியாளர் கைக்குப் போவதைக் கண்டு அஞ்சிய பிரித்தானிய அரசு, 1907இல் இந்தியாவிலும் சூடானிலும் .450 அளவுத் துவக்குகளை இறக்க முடியாதபடி செய்தது. யானை வேட்டைக்குப் புகழ்பெற்ற .450 நைட்ரோ றைஃபிளும் அந்த வலையில் சிக்கியது. லண்டன் துவக்குக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. ஹொலண்ட் அண்ட் ஹொலண்ட் .500 தோட்டாவின் கழுத்தை ஒடுக்கி .500/465ஐக் கொண்டுவந்தது. .470, .475 என்று வேறு அளவுகளும் சந்தையைப் பிடித்தன. அங்குலத்தின் நூறில் ஒன்றிரண்டு பங்கைக் கூட்டினால் சட்டம் தொடாது என்பதை அவர்கள் புரிந்துகொண்டார்கள்.

இந்தியாவில் இன்றும் வழங்கும் .315 றைஃபிளின் கதையும் இந்தச் சங்கிலியைச் சேர்ந்ததே. .303 இராணுவத் தோட்டா. குடிமகன் கையில் அது இருக்கக்கூடாது. ஆகவே ஒஸ்திரிய மான்லிக்கரின் 8 மில்லிமீற்றர் தோட்டாவைத் தழுவிய .315 பொதுமக்களுக்குரியதாக இஷாப்பூரில் செய்யப்பட்டது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் கீழ்த் தடைசெய்த ஆயுதம், தடைசெய்யாத ஆயுதம் என்ற பிரிப்பு இன்றும் உண்டு. இலங்கையில் இத்தகைய நுணுக்கத்துக்கு இடம் குறைவாக இருந்தது. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம் உரிமத்தையே பிடியாக வைத்துக்கொண்டது. உரிமம் ஆண்டுதோறும் டிசம்பர் 31உடன் முடியும், புதுப்பிக்க வேண்டும். பயிர்க்காவல் சொட்கனுக்கான விண்ணப்பம் மாவட்டச் செயலகம் வழியாகப் போகும். ரிவோல்வரும் பிஸ்டலும் பாதுகாப்பு அமைச்சின் கையில்.

ரிவோல்வர் பட்டறைகளில்

தொழிற்சாலை விற்காத தோட்டாவை ஒருவர் தாமே வடிவமைத்து, அதற்கேற்ப அறையைக் கடைந்தால் அது வைல்ட்கேட். பெருங்குழல் ரிவோல்வரில் இந்தக் கைவினைக்கு ஊர் அமெரிக்காவின் மேற்குப் புறம். அதில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் ஐடஹோவின் எல்மர் கீத். 1920களில் இவர் .45 கோல்ட் ரிவோல்வரில் மருந்தைக் கூட்டிக்கொண்டே போக, ஒருநாள் தோட்டா அறைகள் உள்ள சுழலியே வெடித்துச் சிதறியது. அதிலிருந்து அவர் எடுத்த முடிவு மருந்தைக் குறைப்பதல்ல, சுவரைக் கூட்டுவது. .44 ஸ்பெஷல் ரிவோல்வரில் துளை சிறிது. ஆகவே சுழலியின் சுவர் தடிப்பு. அதற்கு மாறி, முப்பதாண்டு அதையே எழுதியும் பேசியும் வந்தார். ஸ்மித் அண்ட் வெசன், ரெமிங்டன் நிறுவனங்கள் 1955இல் .44 மக்னத்தை வெளியிட்டதற்குப் பின்னால் அவர் கொடுத்த உந்துதல் இருந்தது.

.44 மக்னத்தின் கூடு .44 ஸ்பெஷலின் கூட்டைவிட ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் நீளம். இது கூடுதல் மருந்துக்கான இடம் மட்டுமல்ல. நீளமாக இருப்பதால் புதிய தோட்டா பழைய ரிவோல்வரின் அறைக்குள் முழுமையாக இறங்காது, சுழலி மூடாது, மெல்லிய சுவருள்ள பழைய துவக்கு தப்பும். 1935இல் .357 மக்னம் வந்தபோதும் இதே தந்திரம். தவறு செய்யப் போகும் கையை இரும்பே தடுக்கும்படி அளவை வைத்த அந்த 3 மில்லிமீற்றரை, துவக்குத் தொழிலின் மிகச் சிறந்த சிந்தனைகளுள் ஒன்றாகச் சொல்லலாம்.

டிக் கசுல் .45 கோல்ட்டையே எடுத்துக்கொண்டு 1950களில் அதை உச்சத்துக்குக் கொண்டுபோனார். ஆறு அறைச் சுழலி தாங்கவில்லை. ஐந்து அறையாகக் குறைத்து, உறுதியான எஃகில் கடைந்தார். ஆறில் ஒன்றை விட்டுக்கொடுத்தால் அறைகளுக்கு இடையேயுள்ள சுவர் தடிக்கிறது. சுழலியைப் பூட்டும் வெட்டும் அறையின் மேல் விழாமல் இடையில் விழுகிறது. .454 கசுலுக்கென்று வயோமிங்கின் ஃப்ரீடம் ஆர்ம்ஸ் 1983இல் ரிவோல்வரை விற்பனைக்கு விட்டது. அதே மாநிலத்து ஜோன் லைன்போ 1980களின் பிற்பகுதியில் .500, .475 என்ற இரண்டைக் கொண்டுவந்தார். முதலாவதற்குக் கூடு .348 வின்செஸ்டர் றைஃபிள் தோட்டாவை வெட்டியது; இரண்டாவதற்கு .45-70 தோட்டாவை 1.4 அங்குலமாகக் குறுக்கியது. ரூகர் ரிவோல்வரின் உடலில் ஐந்தறைச் சுழலியும் புதிய குழலும் பொருத்தி ஒவ்வொன்றாகச் செய்தார். 2003இல் ஸ்மித் அண்ட் வெசனின் .500 வந்தபோது பட்டறையில் தொடங்கியது தொழிற்சாலைக்குள் புகுந்தது. நீளக்குழலோடு அந்த ரிவோல்வர் இரண்டு கிலோ இருக்கும். அரை அங்குலத்துக்கு மேற்பட்ட வாயுள்ள ஆயுதத்துக்கு அமெரிக்கச் சட்டம் தனிக்கட்டுப்பாடு வைத்திருப்பதால் .500 என்ற எண்ணே அங்கு ஓர் எல்லைக்கல்.

எல்லாம் இப்படிச் சீராக நடக்கவில்லை. பிரித்தானியாவின் .455 வெப்லி ரிவோல்வர் 1887 முதல் படையினருக்கு வழங்கப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் உபரியாக அமெரிக்காவுக்குப் போன வெப்லிகளின் சுழலியைப் பின்புறம் சிறிது சீவி, எளிதில் கிடைக்கும் .45 ஏ.சி.பி. ரவை நுழையும்படி செய்து விற்றார்கள். ரவை நன்றாகவே பொருந்தியது. ஆனால் அதன் அழுத்தம் வெப்லி தாங்குவதற்கென்று வடிவமைத்த அழுத்தத்தைவிட மிகக் கூடுதல். சுழலி பிளந்த சம்பவங்கள் நேர்ந்தன. பொருந்துவது வேறு, தாங்குவது வேறு என்று துவக்குக்காரர் இன்றும் புதியவருக்குச் சொல்ல எடுப்பது இந்த வெப்லியைத்தான்.

கல்கட்டஸ்

இலங்கையில் ‘பொருந்துவது வேறு, தாங்குவது வேறு’ என்பதன் வாழும் எடுத்துக்காட்டு கல்கட்டஸ். உள்ளூரில் கையால் செய்யும் இந்தக் குறுந்துவக்கு ஒரு வெடிக்கானது. பல 12 போர் தோட்டாவை ஏற்பவை. ரி-56 தானியங்கித் துவக்கின் 7.62 மில்லிமீற்றர் ரவையைச் சுடும்படி செய்தவையும் பொலிஸாரிடம் பிடிபட்டுள்ளன. ரி-56க்கென்று செய்த ரவை உருவாக்கும் அழுத்தம் சொட்கன் தோட்டாவினதைவிடப் பல மடங்கு. அதை உறுதி தெரியாத குழலில் போட்டுக் கையில் பிடிப்பவர், எதிரே நிற்பவருக்கு இணையாகத் தாமும் ஆபத்தில் நிற்கிறார். இதைப் பெருங்குழல் கைத்துவக்கின் இலங்கை வடிவம் என்று பெருமையாகச் சொல்ல எதுவுமில்லை. உரிமமின்றி எந்தத் துவக்கைச் செய்தாலும் வைத்திருந்தாலும் சட்டப்படி குற்றம். 1996ஆம் ஆண்டுத் திருத்தம் தண்டனைகளைக் கடுமையாக்கியது.

கட்டுத்துவக்கு

வன்னியில் இடியன் கொடிய பெயரெடுத்தது தோளிலிருந்து சுட்டதால் அல்ல. ஆளில்லாமல் சுட்டதால். விலங்கு வரும் தடத்துக்குப் பக்கத்தில் துவக்கைக் கட்டி வைத்துவிட்டு, தடத்தின் குறுக்கே நூலோ கம்பியோ இழுத்துவிடுவதைக் கட்டுத்துவக்கு என்கிறார்கள். பன்றியின் தோள் உயரத்துக்குப் பார்த்து வைத்தது மனிதரின் முழங்காலுக்கும் தொடைக்கும் நேரே நிற்கும். ஆகவேதான் கட்டுத்துவக்குக் காயம் என்று ஆஸ்பத்திரிக்கு வருவோரில் பெரும்பாலோர் காலில் அடிபட்டவர்கள். மிக அருகில் வெடிப்பதால் சன்னம் சிதறாமல் ஒரே கட்டியாகப் புகும். எலும்பு நொறுங்கும். கூடவே அடைத்த துணி, தும்பு, மண், எரிந்த மருந்து எல்லாம் சதைக்குள் போகும். துப்புரவாக்கத் திரும்பத் திரும்பச் சத்திரசிகிச்சை தேவைப்படும். சிலருக்குக் கால் போகும். காட்டுக்குள்ளிருந்து பிரதான வீதிக்கு வந்து சேர்வதற்குள் இரத்தம் இழந்து இறப்பவரும் உண்டு.

அடிபடுவோர் யார் என்று பார்த்தால் விறகுக்குப் போனவர், தேன் எடுக்கப் போனவர், மாடு தேடிப் போனவர். சில வேளை கட்டியவரே. அவர் தவிர மற்ற எவருக்கும் துவக்கு எங்கே இருக்கிறது என்று தெரியாது; இரவில் அவருக்கும் நிச்சயமில்லை. கட்டுத்துவக்குக்கு உரிமம் கிடையாது. எவராவது இறந்தால் கட்டியவர் மீது வழக்கு. அதனாலேயே காயம்பட்டவரைத் தூக்கிப் போகவும் சிலர் தயங்குகிறார்கள். இவ்வளவு தெரிந்தும் அது தொடர்வதற்குக் காரணம் எளிது: ஓர் ஆள் இரவு முழுவதும் பரணில் விழித்திருக்கும் வேலையைக் கட்டிய துவக்கு சம்பளமில்லாமல் செய்கிறது.

போரும் பின்னரும்

1980களில் வன்னியின் உரிமத் துவக்குகள் இரண்டு பக்கமும் இழுபட்டன. ஒருபுறம் அரசு ஒப்படைக்கச் சொன்னது. மறுபுறம் தமிழ் ஆயுத இயக்கங்கள் சேகரித்துக்கொண்டன. சொட்கன் வைத்திருந்த கமக்காரர் வெறுங்கையரானார். 2009 மே மாதத்தில் உள்நாட்டுப் போர் முடிந்து சனங்கள் மீளக் குடியேறியபோது வயல்களிலும் தோட்டங்களிலும் காடு ஏறியிருந்தது. ஆளில்லாத ஆண்டுகளில் பன்றியும் யானையும் அந்த நிலத்தைத் தம் வழித்தடமாகப் பழகியிருந்தன. ஒட்டுசுட்டான், துணுக்காய், நெடுங்கேணி, செட்டிகுளம் பகுதிகளில் விதைத்தவர்கள் முதல் போகத்திலேயே அதை அறிந்தார்கள். மின்வேலி எல்லா ஊருக்கும் வரவில்லை. நீண்ட போர் நடந்த நிலத்தில் துவக்கு உரிமம் எளிதில் கிடைக்கவுமில்லை. இந்த இடைவெளியில்தான் இடியன் மறுபடி புகுந்தது.

யானைக்கு இடியன் உடனே சாவு தருவதில்லை. சிறு சன்னம் தடித்த தோலைத் துளைத்துத் தசையில் தங்கி, புண் சீழ்வைத்து, விலங்கு நாள்கணக்கில், சில வேளை வாரக்கணக்கில் உழன்று விழுகிறது. காலில் பட்டால் தீனிக்கும் தண்ணீருக்கும் நடக்க முடியாது. இறந்த யானையை அறுத்துப் பார்க்கும் மிருக வைத்தியர்கள் பல காலத்துப் பழைய சன்னங்களையும் உடலில் காண்பதுண்டு. வலியோடு திரியும் யானை ஊருக்குள் கூடுதல் மூர்க்கத்தோடு நுழைகிறது. பயிரைக் காக்கச் சுட்ட வெடி அடுத்தவரின் வேலியில் போய் முடிகிறது. 2019இல் இலங்கையில் இறந்த யானைகள் 400க்கு மேல். அதே ஆண்டில் யானையால் இறந்த மனிதர் 100க்கு மேல். துவக்குச் சூடு, மின்சாரம், வாயில் வெடிக்கும் பன்றி வெடி ஆகியவை யானைச் சாவுக்கு முதன்மைக் காரணங்கள். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் யானை, மரை, மான் ஆகியவற்றைக் கொல்வது குற்றம்.

கமக்காரரைக் குற்றம் சொல்லி முடிக்கும் விடயமல்ல இது. ஓர் இரவில் ஏக்கர் கணக்கில் நெல்லை இழப்பவருக்குச் சோதித்த குழலும் அறிந்த தோட்டாவும் உள்ள உரிமத் துவக்கு, அல்லது உறுதியான மின்வேலி, இரண்டில் ஒன்றாவது நேரத்துக்குக் கிடைக்க வேண்டும். கிடைக்காத இடத்தில் அளவில்லாத துவக்கு அந்த இடத்தை எடுத்துக்கொள்கிறது. தடையால் மட்டும் அது போகவில்லை என்பதற்கு 1916 முதல் இன்றுவரையான காலமே சான்று.

காட்டுத் தடத்தில் குறுக்கே நூலோ கம்பியோ கண்டால் அறுக்கவோ இழுக்கவோ கூடாது. வந்த அடியிலேயே திரும்பி, பின்னால் வருபவரை நிறுத்தி, கிராம சேவகருக்கோ 119 இலக்கத்தில் பொலிஸாருக்கோ அறிவிக்க வேண்டும். எவராவது அடிபட்டிருந்தால் காயத்தைத் துணியால் அழுத்திக் கட்டி, 1990 அம்புலன்ஸை உடனே அழைக்க வேண்டும். துவக்கு யாருடையது என்ற விசாரணை அதற்குப் பிறகு நடக்கட்டும்.